பட்டை மங்கியது சிதைவாலா? வைரஸ் புரதத்தைச் சோதிக்கும் முறை

வைரஸ் புரதத்தைச் செல்லுக்குள் ஏற்றியதும் வெஸ்டர்ன் பிளாட்டில் (ஒரு புரதத்தின் அளவை எதிர்ப்பொருள் கொண்டு பட்டையாகக் காட்டும் சோதனை) ஓம்புயிர்ப் புரதத்தின் பட்டை மங்கினால், அது சிதைக்கப்படுகிறது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. உற்பத்தி குறைந்தாலும் பட்டை மங்கத்தான் செய்யும். கருப்பைவாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் எச்பிவி16 வைரஸின் ஈ6 புரதத்தை எடுத்துக்கொள்வோம். அது செல்லின் சொந்த யுபிக்விட்டின் லைகேஸான (அழிக்க வேண்டிய புரதத்தில் யுபிக்விட்டின் என்ற சிறு அடையாளப் புரதத்தை ஒட்டும் நொதி) ஈ6ஏபியை, புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது. யுபிக்விட்டின் ஏறிய பி53-ஐப் புரோட்டியசோம் என்ற, செல்லின் புரதச் சிதைப்பு அமைப்பு அழிக்கிறது.

முதலில் செல்லைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஹீலா செல்வரிசையில் எச்பிவி18-இன் ஈ6 ஏற்கெனவே இருக்கிறது. 293டி செல்லிலோ எஸ்வி40-இன் பெரிய டி புரதம் பி53-ஐப் பிடித்து நிலைப்படுத்திவிடும். இரண்டும் வேண்டாம், யு2ஓஎஸ் அல்லது எச்சிடி116 போதும். ஈ6-ஐத் தற்காலிகமாக ஏற்றினால், பிளாஸ்மிட் (ஈ6 மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) புகாத செல்களின் பி53 விளைவை மறைத்துவிடும். நிலையாக வெளிப்படுத்தும் செல்வரிசையும், வெற்று வெக்டர் ஏற்றிய இணையும் தேவை. இரண்டிலும் பி53-இன் எம்ஆர்என்ஏ அளவு மாறவில்லை என்பதை கியூபிசிஆரில் (ஆர்என்ஏ அளவைக் காட்டும் சோதனை) பார்த்த பிறகே மேலே போங்கள்.

அடுத்து, புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132: 10 மைக்ரோமோலார், 4 முதல் 6 மணி நேரம். இரவு முழுக்க விட்டால் செல்கள் சாகத் தொடங்கும். பலர் தடுமாறும் இடம் இதுதான்: செல்லின் மற்றொரு லைகேஸான எம்டிஎம்2 வழியாகவும் பி53 சிதைவதால், ஈ6 இல்லாத செல்லிலும் பட்டை கூடும். ஆகவே டிஎம்எஸ்ஓ (மருந்தில்லாத வெறும் கரைப்பான்), எம்ஜி132 இரண்டையும் தனித்தனியாக இரு செல்வரிசைகளுக்கும் கொடுத்து, அவற்றுக்கிடையேயான வித்தியாசம் மறைகிறதா என்று பாருங்கள். எம்ஜி132 கால்பெயின், கத்தெப்சின் ஆகிய வேறு புரதச் சிதைப்பு நொதிகளையும் தடுக்கும். அதனால் புரோட்டியசோமை இன்னும் துல்லியமாகத் தடுக்கும் எபாக்சோமைசினில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். சிதைவு லைசோசோமில் (செல்லின் மற்றொரு சிதைப்பு இடம்) நடக்கிறதா என்ற ஐயத்தை விலக்க, அதைத் தடுக்கும் பாஃபிலோமைசின் ஏ1, 100 நானோமோலார்.

லைகேஸ் எதுவென்று தெரியாத வைரஸ் புரதமென்றால் கல்லின் வகை லைகேஸ்களை முடக்கும் எம்எல்என்4924 (1 மைக்ரோமோலார்) உதவும். எச்ஐவியின் விஃப் புரதம், கல்லின்5 வழியாக, வைரஸை எதிர்க்கும் அபோபெக்3ஜி புரதத்தை அழிக்கிறது. இந்த மருந்து அதைத் தடுக்கும். ஈ6ஏபி கல்லின் வகையல்ல, அதனால் இந்த மருந்து ஈ6ஏபியைத் தொடாது.

சிதையும் வேகத்தை அளக்க, மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்சிமைடு (புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து) சேர்த்து 0, 15, 30, 60 நிமிடங்களில் செல்களை எடுங்கள். நேரத்தை நீட்டாதீர்கள். ஈ6-இன் உற்பத்தியும் நின்றுவிடுவதால், அதுவே தீர்ந்துபோகும்.

கடைசியாக, பி53-இல் யுபிக்விட்டின் ஏறியிருக்கிறதா என்ற சோதனை. எம்ஜி132 கொடுத்த செல்களை 1% எஸ்டிஎஸ் (புரதங்களைக் குலைக்கும் சோப்புப் பொருள்), 10 மில்லிமோலார் என்-எத்தில்மாலியிமைடு (யுபிக்விட்டினைக் கழற்றும் நொதிகளை முடக்குவது) கலந்த கரைசலில் உடையுங்கள். அதில் டிடிடி என்ற ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால் மாலியிமைடு வீணாகி, செல்லின் நொதிகள் யுபிக்விட்டினைக் கழற்றிவிடும். 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, 10 மடங்கு நீர்த்து, பி53 எதிர்ப்பொருளால் பிரித்தெடுங்கள். சூடாக்காமல் விட்டால், பி53-உடன் ஒட்டிவந்த வேறு புரதத்தின் யுபிக்விட்டினைப் பி53-உடையது என்று படித்துவிடுவீர்கள்.