தென்னாப்பிரிக்கா டர்பன்ல கிராஜுவேஷன்: பேரு கூப்பிடுற அந்த பத்து செகண்டுக்கு தயாராகுறது எப்படி

வீட்டு புள்ளைக்கு கிராஜுவேஷன் தேதி வந்துடுச்சுன்னா எல்லாரும் மொதல்ல சேலை, சூட், பிரியாணிக்கு எத்தனை கிலோ மட்டன்னுதான் ஓடுவோம். நான் சொல்றேன், மொதல்ல பேரைப் பாருங்க. யூனிவர்சிட்டி ரெக்கார்டுல உங்க பேரு ஐடில இருக்குற மாதிரியே எழுத்து மாறாம இருக்கான்னு பாத்து, தப்பா இருந்தா உடனே மெயில் போட்டு திருத்திடுங்க, சர்டிபிகேட் பிரிண்ட் ஆனப்பறம் மாத்துறது பெரிய அலைச்சல். ஃபீஸ் பாக்கி இருக்கான்னும் அப்பவே பாருங்க, இருந்தா சர்டிபிகேட் கைக்கு வராம போகலாம்.

பேருக்கு ஏன் இவ்ளோ சொல்றேன்னா, 1860 நவம்பர் 16ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்துச்சே, அதுலேர்ந்து 1911 வரைக்கும் டர்பன் இருக்குற இந்த நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியா வந்த ஒன்றரை லட்சத்துக்கு மேல ஜனங்களுக்கு ஆளுக்கு ஒரு நம்பர் போட்டுத்தான் பதிவு பண்ணாங்க, பேரை கிளார்க் காதுல விழுந்தபடி எழுதுனாங்க, கவுண்டர் இங்க கோவெண்டர் ஆனது அப்படித்தான். அந்தக் குடும்பத்துப் புள்ள பேரு இன்னிக்கு ஹால் முழுக்க கேக்கணும், சரியா கேக்கணும். எங்க அக்கா மக பேரை மேடைல கொதறி வாசிச்சதுல ஆயாவுக்கு அது நம்ம புள்ளைன்னே தெரியல, அவ கேப்போட எறங்கி வந்தப்பறம்தான் கைதட்டுனாங்க, அது எனக்கு இன்னிக்கும் மனசுல நிக்குது. அதனால பேரை வாசிக்கிறதுக்கு கார்டு குடுத்தாங்கன்னா ழ, ள வர்ற எடத்தை இங்கிலீஷ்ல பிரிச்சு பிரிச்சு எழுதிக் குடுங்க, முடிஞ்சா ஒருவாட்டி வாயால சொல்லியும் காட்டுங்க.

டிக்கெட் ஒரு ஆளுக்கு ரெண்டு மூணுதான் கெடைக்கும். அதுல ஒன்னு ஆயாவுக்கோ தாத்தாவுக்கோ வைங்க, மத்தவங்க லைவ்ல பாக்கட்டும். க்வாசூலு-நேட்டால் யூனிவர்சிட்டியோட வெஸ்ட்வில் கேம்பஸ் மலை மேல, முட்டி வலிக்கிறவங்கள ஹால் வாசல்லயே எறக்கிவிட்டுட்டு அப்பறமா பார்க்கிங் தேடுங்க. எங்க பெரியப்பா காலத்துல அந்தக் கேம்பஸே கெடையாது, இந்தியன்களுக்குன்னு 1961ல சாலிஸ்பரி ஐலண்ட்ல தொறந்த காலேஜுக்கு ஹார்பர்லேர்ந்து ஃபெரி ஏறித்தான் போனாரு. அப்படிப்பட்டவங்க வீட்ல இருந்தா அவங்களுக்குத்தான் மொதல் சீட்டு.

டிரெஸ் விஷயம். கவுனுக்கு மேல தோள்ல போடுற கலர் துணிதான் ஹூட், அதோட கயித்துல ஒரு சின்ன லூப் இருக்கும், அது சட்டை பட்டன்ல மாட்டுறதுக்கு, சேலைல பட்டன் ஏது, அதனால ரெண்டு தோள்லயும் உள்பக்கமா சேஃப்டி பின் போட்டுடுங்க, இல்லன்னா ஹூட் பின்னாடி இழுத்து கழுத்தை நெரிக்கும். கொண்டை வச்சா கேப் நிக்காது, பின்னல் போட்டு பூவை கழுத்துக்கிட்ட வைங்க. காலைல உம்கேனி ரோடு கோயிலுக்குப் போறவங்க கவுனை கார்லயே வச்சுட்டுப் போங்க, அது வாடகைக் கவுன், சந்தனம் குங்குமம் பட்டா போகாது. மாலையும் அப்படித்தான், வெளில வந்தப்பறம் போட்டுக்கலாம்.

உள்ள ப்ரொசெஷன் வரும்போது எல்லாரும் எந்திரிக்கணும், லத்தீன் பாட்டு வரும், தேசிய கீதம் அஞ்சு பாஷைலயும் வரும், ஆயாவுக்கு வரி தெரியலன்னாலும் பக்கத்துல நின்னு நீங்க பாடுங்க. செவப்பு கவுன்ல வர்றவங்க டாக்டரேட் வாங்குறவங்க, அவங்க ஆராய்ச்சிய பத்தி கொஞ்சம் வாசிப்பாங்க, அப்ப பேசாதீங்க.

சத்தம் போடலாமான்னு நெறைய பேரு கேக்குறாங்க. ஜூலு பாட்டிங்க பேரன் பேரு கேட்டதும் எந்திரிச்சு நாக்கை சுழட்டி ஒரு சத்தம் குடுப்பாங்க பாருங்க, ஹாலே அதிரும், அது நம்ம குலவையேதான்! நம்ம ஆளுங்க மட்டும் ஏன் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும்? ஆயாவுக்கு மொதநாளே சொல்லி வைங்க, பேரு விழுந்ததும் குலவை விடட்டும், அடுத்த புள்ள பேரு வாசிக்கிறதுக்குள்ள நிறுத்திடணும், அது அவங்க வீட்டு நேரம்.

மேடைல போட்டோ பிடிக்க முன்னாடி ஓடாதீங்க, யூனிவர்சிட்டி போட்டோகிராஃபர் எடுப்பாங்க. உங்க போனை வெளில மாலை போடுறப்ப எடுங்க, வெளிச்சம் நல்லா இருக்கும். கவுன் திருப்பிக் குடுக்குற டைமை மட்டும் மறக்காதீங்க, குடுத்துட்டு வந்து பிரியாணி சாப்பிடலாம்.