முயல் குட்டிக்குச் சத்துத் தீவனம்: நம்ம பக்கம் நடக்கும் தவறுகள்

மூன்று மாதத்தில் குட்டியை இரண்டு கிலோவுக்கு ஏற்றிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. எனக்கும் இருந்தது. கணியம்பாடி பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு கூண்டு போட்ட முதல் வருஷம், பால் மறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டிகளுக்கு அகத்திக்கீரையைக் கட்டுக்கட்டாகப் போட்டேன், அதுவும் மழையில் நனைந்த கீரை. மறுநாள் காலையில் மூன்று குட்டி வயிறு உப்பி மூலையில் சுருண்டு கிடந்தன. கீரைமேல் தப்பில்லை, பழக்காமல் ஒரே நாளில் கொட்டியதுதான் தப்பு. முயலுக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது போனதுதான். புதுத் தீவனம் எதுவானாலும் முதல் நாள் ஒரு பிடி, பிறகு ஏழெட்டு நாளில் மெதுவாகக் கூட்டுங்கள். நனைந்த கீரையை நிழலில் உலர்த்திப் போடுங்கள்.

அடுத்தது மீந்த சோறு, கேழ்வரகுக் கூழ், பிரெட். நம்ம வீடுகளில் மாட்டுக்கும் கோழிக்கும் போகிற மிச்சம் முயலுக்கும் போய்விடுகிறது. முயலின் பெருங்குடலுக்கு முன்னால் ஒரு பெரிய பை இருக்கிறது. நார்ச்சத்தைப் புளிக்கவைத்துச் செரிக்கிற கிருமிகள் அதில்தான் வாழ்கின்றன. மாவுச்சத்து அதிகமாகப் போனால் அங்கே கெட்ட கிருமி பெருகிக் கழிச்சல் வரும், ஐந்தாறு வாரக் குட்டி அதைத் தாங்காது. வெல்லம், வாழைப்பழம் எல்லாம் இதே கணக்குதான்.

கடலைப் புண்ணாக்கு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். வட ஆற்காட்டில் கடலைக்கு என்ன பஞ்சம், செக்கிலிருந்து சுலபமாகக் கிடைக்கிறது, புரதமும் நிறைய. ஆனால் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேர்ந்துவிடும், அது முயலின் ஈரலைத்தான் முதலில் தாக்கும். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மக்கல் வாசனை வந்தால் குப்பைக்குழிதான். காசு போகிறதே என்று மாட்டுக்குப் போடாதீர்கள், பாலில் வந்து நம்ம டம்ளரிலேயே நிற்கும். கடலைக்கொடியும் அப்படித்தான், நன்றாகக் காய்ந்து பச்சை வாசனையோடு இருந்தால் அருமையான நார்த்தீவனம், கருத்துப் போயிருந்தால் வேண்டாம்.

பி காம்ப்ளெக்ஸ் டானிக் வாங்கி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். முயல் தனக்கான பி வைட்டமினைத் தானே செய்துகொள்கிறது. வழக்கமான உருண்டைப் புழுக்கை இல்லாமல், திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு பளபளவென்று மெத்தென்ற புழுக்கை ஒன்று போடும், அதைக் குனிந்து நேராக வாயாலேயே எடுத்துத் தின்றுவிடும். முதல்முறை பார்த்தபோது எங்கள் அம்மா முகத்தைச் சுளித்தார். அது அசிங்கமில்லை, செரிமானத்தின் பாதி வேலையே அதுதான். அந்தக் கொத்து தின்னப்படாமல் கூண்டுக்கு அடியில் தினமும் கிடந்தால் தீவனத்தில் சத்து மிஞ்சிப்போய் நார் குறைந்துவிட்டது என்று அர்த்தம், புண்ணாக்கையும் தானியத்தையும் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள்.

தோட்டத்து இலை எல்லாம் தீவனம் ஆகாது. வேலிமசால், முயல்மசால், மல்பெரி, கல்யாண முருங்கை நல்லது. தக்காளி, உருளை, கத்தரிச் செடி இலைகளும் மரவள்ளி இலையும் வேண்டாம், நம்ம இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு எவ்வளவு பேர் இருந்தாலும் அதன் இலை முயலுக்கு ஆகாது. சவுண்டல் தழையில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது, மொத்தத் தழையில் கொஞ்சமாகக் கலக்கலாம், அதையே தீவனமாக்கினால் முடி கொட்டும். குதிரைமசால் தின்கிற முயலின் சிறுநீர் பால்போல வெள்ளையாகப் போவதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுகிறார்கள். உடம்புக்கு மிஞ்சிய சுண்ணாம்புச்சத்து அப்படித்தான் வெளியேறும். வளரும் குட்டிக்கு அது பரவாயில்லை, பெரியதுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர். மே மாத வேலூர் வெயிலில் குழாய்த் தண்ணீர் கொதித்துக் கிடந்தால் முயல் குடிக்காது, குடிக்காவிட்டால் காய்ந்த தீவனத்தையும் தொடாது, நாம் தீவனம் சரியில்லை என்று பிராண்டை மாற்றிக்கொண்டிருப்போம். எங்கள் கொட்டகையில் குழாய் முழுக்க ஈரச் சாக்கு சுற்றியிருக்கிறது, தழையை வெயில் தாழ்ந்த பிறகுதான் போடுகிறோம்.