குற்ற வழக்கில் அரசு வழக்கறிஞரை அணுகும் முறை: புகார்தாரருக்கும் சாட்சிக்கும்

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவர்களில் பலர், தங்கள் வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞரைச் சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அதுவரை எல்லாவற்றையும் ஏட்டு பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்கள். பாதிக்கப்பட்டவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் அதைவிடப் பெரியது. அதைப் பயன்படுத்த, எந்தக் கட்டத்தில் யாரிடம் எதை எழுத்தில் கொடுப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். அரசு வழக்கறிஞர் உங்கள் வழக்கறிஞர் அல்லர். குற்ற வழக்கை நடத்துவது அரசு; நீங்கள் அதில் பாதிக்கப்பட்டவர், பெரும்பாலும் முதல் சாட்சி. அரசு வழக்கறிஞர் எப்படியாவது தண்டனை வாங்கித் தர வேண்டியவர் அல்லர் என்பதையும், உண்மையை நீதிமன்றத்தின் முன் நேர்மையாக வைக்க வேண்டியவர் என்பதையும் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆகவே உங்களுக்குச் சாதகமில்லாத ஆவணத்தை அவர் மறைப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவர் காவல்துறைக்குக் கட்டுப்பட்டவரும் அல்லர். ஒரு குற்றத்தின் புலன் விசாரணையில் பங்கேற்ற காவல்துறை அதிகாரி அந்த வழக்கில் உதவி அரசு வழக்கறிஞராக நியமிக்கப்படத் தகுதியற்றவர் என்று சட்டமே சொல்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு அணுகினால் வீண் மனக்கசப்பு குறையும்.

யாரைப் பார்ப்பது என்பது வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் ‘ஏபிபி’ என்று எல்லோரும் அழைக்கும் உதவி அரசு வழக்கறிஞர் வழக்கை நடத்துகிறார். தமிழ்நாட்டில் இவர் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே தேர்வாகி வருபவர். அமர்வு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞரோ கூடுதல் அரசு வழக்கறிஞரோ இருப்பார். இந்தப் பதவிக்குக் குறைந்தது 7 ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்குகளுக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கும் சிறப்பு அரசு வழக்கறிஞர்கள் உண்டு. வழக்கு நடுவர் நீதிமன்றத்திலிருந்து அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்படும்போது அரசு வழக்கறிஞரும் மாறுவார், வழக்கு எண்ணும் மாறும். பழைய எண்ணை வைத்துக்கொண்டு பழைய நீதிமன்ற வாசலில் காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாகத் தரப்படும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

புலன் விசாரணை நடக்கும் காலத்தில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் உங்களுக்கு அதிக வேலை இல்லை. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதா வேண்டாமா என்ற முடிவு காவல்துறையுடையது. அந்தக் கட்டத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவதும், 90 நாட்களுக்குள் விசாரணையின் முன்னேற்றத்தைக் காவல் அதிகாரி தெரிவிக்க வேண்டும் என்ற விதியை நினைவூட்டுவதுமே உங்கள் வேலை. விதிவிலக்கு ஜாமீன் மனு. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஜாமீன் கேட்டிருக்கிறார், வெளியே வந்தால் மிரட்டுவார் என்று அஞ்சக் காரணம் இருக்கிறது என்றால், அந்தக் காரணத்தை மனு விசாரணைக்கு வரும் முன்பே அரசு வழக்கறிஞரின் கையில் சேர்க்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில், ஜாமீன் உள்ளிட்ட எந்த நடவடிக்கையையும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் தெரிவிக்க வேண்டியது சிறப்பு அரசு வழக்கறிஞரின் அல்லது மாநில அரசின் கடமை. அச்சட்டத்தின் 15அ பிரிவு இதைச் சொல்கிறது.

எதைச் சொல்வதானாலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரே நாளில் பல வழக்குக் கட்டுகளைப் புரட்டும் ஒருவரிடம், நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி வாயால் சொன்னது நிற்காது. மேலே காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், வழக்கு எண், அடுத்த வாய்தா தேதி, அதன் கீழே இரண்டு மூன்று வரிகளில் செய்தி, கடைசியில் கோரிக்கை. ‘கடந்த ஞாயிறு மாலை இரண்டாம் எதிரியின் மைத்துனர் என் கடைக்கு வந்து, சாட்சி சொன்னால் கடை இருக்காது என்று சொன்னார். அருகில் இருந்த இருவர் கேட்டனர். ஜாமீன் மனுவில் இதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்ற அளவு போதும். ‘தொடர்ந்து மிரட்டுகிறார்கள்’ என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாரும் வாதாட முடியாது. ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள்; தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். காலை பத்தரைக்கு நீதிமன்றம் கூடும் பரபரப்பில் பேச முயல்வதைவிட, மாலையில் அலுவலகத்துக்குப் போவதே பலன் தரும்.

உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாமா என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. நீதிமன்றத்தின் அனுமதியோடு, அரசுத் தரப்புக்கு உதவ ஒரு வழக்கறிஞரை அமர்த்தலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பிஎன்எஸ்எஸ்) 18ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆனால் அவர் அரசு வழக்கறிஞரின் வழிகாட்டுதலில்தான் செயல்பட வேண்டும். சாட்சிகளை அவரே நேரடியாக விசாரிக்கவோ வாய்மொழியாக வாதாடவோ பொதுவாக முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கேட்க வேண்டிய கேள்வியை அரசு வழக்கறிஞருக்கு எடுத்துக் கொடுக்கலாம், சாட்சியம் முடிந்த பின் அனுமதி பெற்று எழுத்து மூலமான வாதம் தாக்கல் செய்யலாம். இதில் ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது: பாதிக்கப்பட்டவர் சார்பில் வழக்கறிஞர் இருந்தால், எதிரி முன்னிலையான 14 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை, வாக்குமூலங்கள் ஆகியவற்றின் நகல் அவருக்கும் தரப்பட வேண்டும் என்கிறது 230ஆம் பிரிவு. பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100. (2024 ஜூலைக்கு முன்பே தொடங்கிவிட்ட விசாரணைகள் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே தொடர்கின்றன என்பதால், அவற்றில் பிரிவு எண்கள் வேறாக இருக்கும்.)

சாட்சி சொல்லும் நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. காவல் அதிகாரி எழுதிய வாக்குமூலத்தில் நீங்கள் கையொப்பமிட்டிருக்க மாட்டீர்கள். சட்டப்படி வாங்கவும் கூடாது. அது பெரும்பாலும், ‘நான் மேற்படி விலாசத்தில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்’ என்று தொடங்கும், உங்கள் பேச்சில் இல்லாத ஒரு நடையில் இருக்கும். நீங்கள் ‘விளக்கு வைத்த பிறகு’ என்று சொன்னது அதில் ‘இரவு 8.00 மணியளவில்’ என்று ஆகியிருக்கலாம். கூண்டில் நின்று ‘ஆறரை இருக்கும்’ என்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிடித்துக்கொள்வார். இத்தகைய வேறுபாடு இருப்பதாகத் தெரிந்தால் விசாரணைக்கு முன்பே அரசு வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். அவர் முதல் விசாரணையிலேயே அதைத் தெளிவுபடுத்தும்படி கேள்வியை அமைக்கலாம். எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையில் சிக்கலானால், அதற்குப் பின் அவரே மீண்டும் கேள்வி கேட்கும் மறுவிசாரணையில் விளக்கம் பெறலாம். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார், நீங்களும் கேட்கக் கூடாது. ஆனால் எந்த வரிசையில் கேள்விகள் வரும், அடையாளம் காட்ட வேண்டிய பொருட்கள் எவை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாமா என்பவற்றைத் தாராளமாகக் கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு விடை, ஆம்.

சம்மன் வந்த நாளில் காலையிலேயே போய், வந்திருக்கிறேன் என்று அரசு வழக்கறிஞரிடமும் நீதிமன்றக் காவலரிடமும் சொல்லிவிடுங்கள். சாட்சி வந்திருக்கும்போது, எழுத்தில் பதிவு செய்யப்பட்ட தனிக் காரணம் இல்லாமல் விசாரிக்காமலே வழக்கைத் தள்ளிவைக்கக் கூடாது என்பது சட்டம். நீங்கள் வந்திருப்பது தெரிந்தால்தான் அரசு வழக்கறிஞர் வாய்தாவை எதிர்க்க முடியும். பயணச் செலவுக்கான படியையும் கேட்கலாம், கேட்காதவர்களே அதிகம். போக்சோ வழக்கில் குழந்தையிடம் வழக்கறிஞர்கள் நேரடியாகக் கேள்வி கேட்பதில்லை. கேள்விகளை நீதிபதியிடம் கொடுக்க, அவரே குழந்தையிடம் கேட்பார். குழந்தையை அழைத்து வருபவர் இதை முன்கூட்டியே குழந்தைக்குச் சொல்லி வைப்பது நல்லது.

மிரட்டல் கடுமையாக இருந்தால், 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். (உங்கள் மாநிலம் தனித் திட்டம் அறிவித்திருந்தால் அதுவே பொருந்தும்.) 2018 திட்டத்தின்படி, மாவட்ட முதன்மை நீதிபதியைத் தலைவராகவும் மாவட்டக் காவல் தலைவரை உறுப்பினராகவும் கொண்ட குழு இதை முடிவு செய்கிறது, அதன் உறுப்பினர் செயலர் மாவட்டத்தின் அரசு வழக்குத் துறைத் தலைவர், அதாவது நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே அலுவலகத்தின் தலைவர். விண்ணப்பம் அவர் வழியாகவே செல்கிறது. சாட்சியோ அவர் குடும்பத்தினரோ வழக்கறிஞரோ புலன் விசாரணை அதிகாரியோ விண்ணப்பிக்கலாம். காவல் உட்கோட்ட அதிகாரி ஐந்து வேலை நாட்களுக்குள் அச்சுறுத்தல் பற்றிய அறிக்கை தர வேண்டும்; அவசரமென்றால் அதற்கு முன்பே இடைக்காலப் பாதுகாப்பு வழங்கலாம். பாதுகாப்பு ஒரு முறைக்கு மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்காது, ஆகவே முடியும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு மறுபடி கேட்க வேண்டும். எல்லாக் குற்றத்துக்கும் இது பொருந்தாது: மரண தண்டனை, ஆயுள் தண்டனை, ஏழாண்டும் அதற்கு மேலும் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான சில குற்றங்களுக்கும் உரியது.

வழக்கை அரசே திரும்பப் பெற முனைவதும் உண்டு. அதற்கான மனுவைத் தாக்கல் செய்பவர் அரசு வழக்கறிஞர்தான். புதிய சட்டத்தின் 360ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவருக்குத் தன் கருத்தைச் சொல்ல வாய்ப்புத் தராமல் நீதிமன்றம் அதை அனுமதிக்கக் கூடாது. நோட்டீஸ் வந்தால், ஆட்சேபம் உண்டா இல்லையா என்பதை எழுத்தில் தாக்கல் செய்யுங்கள்.

அரசு வழக்கறிஞர் தொடர்ந்து வராமல் இருந்தாலோ சாட்சிகளை அழைக்காமல் விட்டாலோ, மேலே யாருக்கு எழுதுவது என்பதற்கு அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு விடை தருகிறது. ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய வழக்குகளைக் கண்காணிப்பது அரசு வழக்குத் துறையின் உதவி இயக்குநரின் பொறுப்பு. ஏழு முதல் பத்தாண்டுக்கு உட்பட்டவை துணை இயக்குநரின் பொறுப்பு. பத்தாண்டும் அதற்கு மேலும் இயக்குநரின் பொறுப்பு. தேதி வாரியாக எந்த வாய்தாவில் என்ன நடந்தது என்ற பட்டியல் இல்லாமல் அனுப்பும் புகார் படிக்கப்படுவதே அரிது.

எதிரி விடுதலையானால் அன்றே தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். மேல்முறையீட்டுக்குத் தகுந்த வழக்கா என்று அரசு வழக்கறிஞர் அரசுக்குக் கருத்து அனுப்புவார். எந்தக் காரணங்களைச் சுட்டியிருக்கிறார் என்று அவரிடம் கேளுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விடுதலையையோ, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்ததையோ, போதாத இழப்பீட்டையோ எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை 413ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்கே நேரடியாக இருக்கிறது. அதற்கு உயர் நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நடுவர் நீதிமன்றத் தீர்ப்பானால், மேல்முறையீடு அமர்வு நீதிமன்றத்திலேயே தாக்கலாகும்.