மண்ணைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் டயர் வாங்கலாம்

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டத் தொடங்கியவர்கள் என்னிடம் "எந்த டயர் நல்லது?" என்று கேட்பார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "உங்கள் பாதையில் எந்த வளைவு உங்களைப் பயமுறுத்துகிறது?" அந்த வளைவின் தரை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டால் முன் டயரை முடிவு செய்துவிடலாம். மீதிப் பாதை முழுக்க எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் பின் டயரை முடிவு செய்யலாம். 12 வருடமாக ஓட்டி நான் வந்து சேர்ந்திருக்கும் முறை இதுதான்.

என் கணக்கு உங்களுக்குப் பயன்படுவதற்காக என்னைப் பற்றிய விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். என் எடை 68 கிலோ. பையும் தண்ணீரும் சேர்ந்தால் 73. வண்டி 29 அங்குல வீல். ரிம்மின் உள் அகலம் 30 மில்லிமீட்டர். இரண்டு வீலும் டியூப்லெஸ், அதாவது டயருக்குள் டியூப் இல்லாதவை. கீழே வரும் காற்றழுத்த எண்கள் எல்லாம் இந்த அளவுக்கானவை.

முதலில் மண். வண்டியை நிறுத்திவிட்டு, அந்தப் பயமுறுத்தும் வளைவில் நின்று, ஷூவின் குதிகாலை அழுத்தி ஒரு திருகு திருகுங்கள். தடமே பதியவில்லை என்றால் இறுகிய தரை. அடித்தரை கெட்டியாக இருந்து, மேலே கிடக்கும் சரளை மட்டும் உருண்டு விலகினால் அது வேறு வகை. நிறையப் பேர் விழுவது அங்கேதான். குதிகால் ஒரு சென்டிமீட்டர் இறங்கி, பள்ளத்தின் ஓரம் உதிராமல் அப்படியே நின்றால் அது அருமையான மண். அங்கே எந்த டயர் போட்டாலும் ஓட்டலாம். பள்ளத்தின் ஓரம் உடனே சரிந்து மூடிக்கொண்டால் புழுதி அல்லது மணல். ஷூவோடு மண்ணும் ஒட்டிக்கொண்டு எழுந்தால் களிமண். பள்ளத்தில் தண்ணீர் ஊறினால் சகதி.

இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்றால், டயர் இரண்டு விதமாகப் பிடிக்கும். மண் இளகியிருந்தால் டயரின் பட்டன்கள், அதாவது மேலே துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகள், உள்ளே இறங்கி, அவற்றின் விளிம்பு மண்ணைத் தள்ளி நிற்கும். அங்கே பட்டனின் உயரமும் இடைவெளியும் வேலை செய்கின்றன. தரை கெட்டியாக இருந்தால் பட்டன் இறங்கவே முடியாது. அப்போது எவ்வளவு ரப்பர் தரையைத் தொடுகிறது, அந்த ரப்பர் எவ்வளவு மென்மை என்பதுதான் கணக்கு. உயரமான பட்டன் பாறையின் மேல் பிடிப்பதற்குப் பதில் வளையும். டயர் நெளிவது உங்களுக்கே கையில் தெரியும். பெரிய பட்டன் என்றாலே நல்ல பிடிப்பு என்று நினைத்து ஏமாறுவது இதனால்தான்.

நானும் அப்படி நினைத்திருந்தேன். ஓட்டத் தொடங்கிய ஐந்தாவது வருடம், மழை விட்ட ஒரு காலையில், பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கிடந்த ஒரு வேரின் மேல் என் முன் வீல் ஏறியது. நன்றாக உயர்ந்த பட்டன் உள்ள புது டயர்தான். ஆனால் ரப்பர் கெட்டி. நீண்ட நாள் உழைக்கும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். பிரேக்கைத் தொட்ட நொடியில் வீல் பக்கவாட்டில் போய்விட்டது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் வண்டியைத் தொடவில்லை. திரும்பி வந்ததும் அதே மாடலில், அதே பட்டன் அமைப்பில், மென்மையான ரப்பர் உள்ளதை வாங்கி அதே வேரின் மேல் ஓட்டினேன். வழுக்கத்தான் செய்தது, ஆனால் விழ வைக்கவில்லை. ஈரமான வேரிலும் பாறையிலும் ரப்பர்தான் முதல், பட்டன் வடிவம் அப்புறம் என்பதை அன்று உடம்பால் கற்றுக்கொண்டேன்.

முன் டயரும் பின் டயரும் ஒன்றாக இருக்க வேண்டாம்

முன் வீல் திரும்புகிறது, பிரேக்கின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. அது சறுக்கினால் பெரும்பாலும் விழுவோம். பின் வீல் சறுக்கினால் வண்டி ஆடும்; பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அதே சமயம் உட்கார்ந்து மிதிக்கும்போது எடையில் அதிகம் பின் டயரின் மேல்தான் இருக்கிறது. மிதிக்கும் விசையும் அங்கேதான் போகிறது. அதனால் ஓட்டத்தை அதிகம் இழுத்துப் பிடிப்பதும், சீக்கிரம் தேய்வதும், கல்லில் ரிம் இடிபடுவதும் பின்னால்தான். ஆகவே முன்னால் மென்மையான ரப்பர், தைரியம் தரும் பட்டன். பின்னால் சுலபமாக உருளும் டயர், தடித்த பக்கச்சுவர். 1990களிலேயே பானாரேசர் நிறுவனம் முன்னுக்கு 'டார்ட்', பின்னுக்கு 'ஸ்மோக்' என்று தனித்தனி வடிவம் செய்து விற்றது. இன்று முன்னால் மேக்சிஸ் நிறுவனத்தின் அசெகாய், பின்னால் மினியன் டிஎச்ஆர் 2 என்று போடுகிறவர்கள் நிறைய. ஷ்வால்பே நிறுவனத்தின் டயர்களில் மேஜிக் மேரியை முன்னாலும், உருட்டு எளிதான வேறொன்றைப் பின்னாலும் போடுவார்கள்.

முன் டயர் வாங்கும்போது நடு வரிசைப் பட்டனுக்கும் ஓர வரிசைப் பட்டனுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மினியன் டிஎச்எஃப் டயரில் அங்கே ஒரு வாய்க்கால் மாதிரி இடைவெளி ஓடும். வண்டியை நன்றாகச் சாய்த்தால் ஓரப் பட்டன் கடித்துப் பிடிக்கும், அற்புதமாக இருக்கும். அரைகுறையாகச் சாய்த்தால் நடுப்பட்டனும் இல்லாமல் ஓரப்பட்டனும் இல்லாமல் ஒரு கணம் மிதக்கிற மாதிரி இருக்கும். அசெகாயில் அந்த இடத்தில் கூடுதல் பட்டன்கள் உண்டு, அதனால் சாய்வு எவ்வளவானாலும் பிடிப்பு ஒரே சீராக வரும். வளைவில் வண்டியைச் சாய்க்க இன்னும் தயங்குகிறவர்களுக்கு இரண்டாவது வகையைத்தான் நான் சொல்வேன்.

தரைக்குத் தரை

இறுகிய, காய்ந்த தரைதான் உங்கள் பாதையில் முக்கால்வாசி என்றால் குட்டையான, நெருக்கமான பட்டன் போதும். மேக்சிஸ் ஐகான், ஷ்வால்பே ரேசிங் ரால்ஃப் போன்றவை. ஏற்றத்தில் வித்தியாசம் காலில் தெரியும்.

கெட்டித் தரைக்கு மேல் சரளை கிடக்கும் பாதை இவ்வளவு எளிதல்ல. சின்னக் கற்கள் கோலிக்குண்டு போல டயருக்கு அடியில் உருளும். குட்டைப் பட்டன் அவற்றின் மேலேயே மிதந்து போகும். மிக உயரமான பட்டன் கற்களை விலக்கி அடித்தரையைத் தொடும், ஆனால் தொட்டதும் வளைந்துவிடும். இங்கே வேண்டியது நடுத்தர உயரம், அகலமான அடிப்பகுதி, கூரான சதுர விளிம்பு. முக்கியமாக ஓரப் பட்டன்கள் தடிமனாக இருக்க வேண்டும். விரலால் ஓரப் பட்டனைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள்; சுலபமாக மடங்கினால் இந்தத் தரைக்கு அது வேண்டாம். நான் இப்படிப்பட்ட பாதைக்கு முன்னால் 2.5 அங்குல அகல அசெகாய், பின்னால் 2.4 அங்குல டிஎச்ஆர் 2 போடுகிறேன். முன் காற்றை வழக்கத்தைவிட ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) குறைப்பேன். வளைவில் உடம்பை நிமிர்த்தி வைத்து வண்டியை மட்டும் சாய்ப்பேன். பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். எந்த டயரும் அந்தத் தவறை மன்னிக்காது.

ஆழமான புழுதிக்கும் இளகிய மண்ணுக்கும் பட்டன் உயரமாகவும் விலகியும் இருக்க வேண்டும். கான்டினென்டல் ஆர்கோட்டல் இந்த மாதிரி இளகிய தரைக்கென்றே செய்யப்பட்டது. மணல் என்றால் அகலமும் குறைந்த காற்றும்தான், பட்டன் பெரிதாக உதவாது.

சேற்றில் இரண்டு வகை. தண்ணீர் கலந்து தளர்ந்த சகதி என்றால் மேக்சிஸ் ஷார்ட்டி, ஷ்வால்பே டர்ட்டி டான் போல முள் முள்ளாக நீண்ட, தூரம் தூரமாக நிற்கும் பட்டன் வேண்டும். அது சகதியைத் துளைத்துக் கீழே உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும், வீல் சுற்றும்போது சேறு உதிர்ந்தும் விடும். இங்கே அகலம் எதிரி. 2.6 டயர் சேற்றின் மேல் மிதக்கும், 2.3 அல்லது 2.4 வெட்டிக்கொண்டு இறங்கும். ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இடமும் மிஞ்சும். ஆனால் அந்த முள் டயரோடு பாறைப் பாதையில் போய்விடாதீர்கள், பட்டன் ஒவ்வொன்றும் வளைந்து வண்டி தள்ளாடும்.

ஒட்டும் களிமண் என்றால் நான் வண்டியை எடுப்பதே இல்லை. ஐம்பது மீட்டருக்குள் வீல் சுற்றாமல் நின்றுவிடும். அதைவிட வருத்தம், நாம் கிழித்துவிட்டுப் போகும் பள்ளம் காய்ந்து கல்லாகி, பாதை பல மாதம் கெட்டுக் கிடக்கும். இரண்டு நாள் காயவிட்டுப் போகலாம்.

ரப்பர், பக்கச்சுவர், அகலம்

ரப்பரின் மென்மையை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். எண் குறைந்தால் மென்மை. 42 என்பது நன்றாக ஒட்டும், சீக்கிரம் தேயும். 60க்கு மேல் போனால் உழைக்கும், ஆனால் ஈரத்தில் வழுக்கும். பல டயர்களில் நடுவில் கெட்டி ரப்பரும் ஓரத்தில் மென் ரப்பரும் வைத்திருப்பார்கள். மேக்சிஸ் பெயரிடும் முறையில் மேக்ஸ்ஸ்பீட், மேக்ஸ்டெர்ரா, மேக்ஸ்கிரிப் என்று போகப் போக மென்மை கூடும். நான் முன்னால் மேக்ஸ்கிரிப், பின்னால் மேக்ஸ்டெர்ரா. குளிரில் ரப்பர் இறுகும் என்பதால், குளிர் காலத்தில் இன்னும் ஒரு படி மென்மையானதை யோசிக்கலாம்.

டயரின் துணி, அதாவது கேசிங், பலரும் கவனிக்காமல் விடுவது. டிபிஐ என்று பக்கத்தில் போட்டிருப்பது ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்ற கணக்கு. 120 என்றால் மெல்லிய நூல், டயர் லேசாகவும் தரைக்கு ஏற்ப வளைந்தும் போகும். 60 என்றால் தடித்த நூல், அடி தாங்கும். கூர்மையான பாறை உள்ள பாதையில் இரட்டைத் துணி கொண்ட கனமான பின் டயர் போடுங்கள். கால் கிலோ கூடினால் ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். காட்டுக்கு நடுவே கிழிந்த பக்கச்சுவரோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது அதைவிட எவ்வளவோ கஷ்டம்.

அளவு பார்த்து வாங்கும்போது அங்குலத்தை நம்பாமல் பக்கச்சுவரில் இருக்கும் இரட்டை எண்ணைப் பாருங்கள். 61-622 என்றால் அகலம் 61 மில்லிமீட்டர், ரிம்மில் உட்காரும் விட்டம் 622. 622 என்பது 29 அங்குலம், 584 என்பது 27.5, 559 என்பது பழைய 26. இரண்டாவது எண் பொருந்தாவிட்டால் டயர் ஏறாது. 30 மில்லிமீட்டர் ரிம்முக்கு 2.3 முதல் 2.6 வரை நன்றாக உட்காரும். குறுகிய ரிம்மில் அகல டயர் போட்டால் அது பலூன் போல உருண்டு, வளைவில் பக்கவாட்டில் புரளும். மாட்டும்போது பக்கத்தில் உள்ள அம்புக்குறி உருளும் திசையைக் காட்ட வேண்டும்.

காற்று

டயர் மாற்றுவதற்கு முன் காற்றை மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். நான் 2.4 டயருக்கு முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐ வைக்கிறேன். ஈரமாக இருந்தால் இரண்டிலும் ஒன்று குறைப்பேன். பாறை அதிகம் என்றால் பின்னால் இரண்டு கூட்டுவேன். டியூப் போட்டு ஓட்டினால் இன்னும் நாலைந்து கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும்.

உங்கள் எண்ணை இப்படிக் கண்டுபிடியுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற ஒரு பாதைத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைவிட எடை அதிகம் என்றால் முன்னால் 25, பின்னால் 28இல் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டே ஓட்டுங்கள். வளைவில் டயர் நெளிந்தாலோ, கல்லில் ரிம் 'டக்' என்று இடித்தாலோ, ஓரத்தில் காற்று 'புஸ்' என்று கசிந்தாலோ நிறுத்திவிட்டு, அந்த வீலுக்கு இரண்டு பிஎஸ்ஐ கூட்டுங்கள். அதுதான் உங்கள் எண். எப்போதும் ஒரே காற்றுமானியை வைத்து அளப்பது அவசியம். இரண்டு மானிகள் இரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டுவது சகஜம், இந்த விஷயத்தில் அந்த இரண்டே எல்லாம். நான் எந்தப் பாதை, என்ன மண், எவ்வளவு காற்று என்று கைப்பேசியில் ஒரு வரி எழுதி வைக்கிறேன். டியூப்லெஸ் என்றால் சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம், சில மாதத்தில் காய்ந்துவிடும். வீலைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள், சளசள என்ற சத்தம் வராவிட்டால் ஊற்ற வேண்டிய நேரம்.

பின் டயரின் நடுப்பட்டன் பாதி உயரம் தேய்ந்தால், பிரேக் பிடிக்கும்போது வீல் சறுக்குவது கூடும். முன் டயரில் நடுவைவிட ஓரத்தைப் பாருங்கள். ஓரப் பட்டனின் அடியில் கீறல் தெரிந்தாலோ விளிம்பு மழுங்கிவிட்டாலோ முன் வீலில் அதன் காலம் முடிந்துவிட்டது. கீறல் விழாமல் வெறுமனே மழுங்கியிருந்தால் அதைக் கழற்றிப் பின்னால் மாட்டுவேன், பின்னால் இருந்ததைத் தூக்கிப் போடுவேன், புதியதை முன்னால் போடுவேன். பழைய டயர் ஒருபோதும் முன்னால் போகாது.