லோஜ்பானில் அளவும் திசையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லோஜ்பான் என்னும் செயற்கை மொழியைப் படிக்கத் தொடங்கும் பலர், ‘ஷ்லானி என்றால் நீளம், கன்ரா என்றால் அகலம், கால்ட்டு என்றால் உயரம்’ என்று மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1987 முதல் உருவாக்கப்பட்டுவரும் இம்மொழியில் வேர்ச்சொல் ஒவ்வொன்றும் ஐந்து ரோமன் எழுத்து; ஒவ்வொன்றுக்கும், அதோடு தொடர்புடைய விவரங்கள் வந்து அமர, வரிசை எண் கொண்ட இடங்கள் உண்டு. அந்த இடங்களையும் சேர்த்துப் படித்தால்தான் சொல்லின் பொருள் முழுமையாகும்.

ஷ்லானிக்கு மூன்று இடங்கள். முதலில் நீளமான பொருள், அடுத்து எந்தப் பரிமாணத்தில் நீளம், பிறகு எந்த அளவுகோலின்படி. இரண்டாம் இடத்தைச் சொல்லாமல் விட்டால், பொருளின் மிக நீண்ட பரிமாணம் என்றே கொள்ள வேண்டும். ஆளுயர அலமாரி ஒன்றை வெறுமனே ஷ்லானி என்றால், தரையிலிருந்து மேலே செல்லும் அளவைத்தான் சொல்கிறோம். பக்கவாட்டு அளவைச் சொல்ல நினைத்தால் அந்தப் பரிமாணத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மீட்டரில் அளக்க உதவும் மிட்ரெ என்ற சொல்லும் இப்படித்தான்: திசை சொல்லாவிட்டால் மிக நீண்ட பக்கத்தையே அளக்கும்.

நெட்டையான மனிதரைக் கால்ட்டு என்பது அடிக்கடி நேரும் தவறு. தமிழில் ‘உயரம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்வதால் நமக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. கால்ட்டு என்பது ஒரு பொருள் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதைப் பற்றியது. மலையுச்சியில் முளைத்த குட்டைச்செடி கால்ட்டு. ஆனால் ஷ்லானி அல்ல. அடிவாரத்து நெடுமரத்துக்கு ஷ்லானிதான் பொருத்தம். இன்னொன்று, காப்ரு: ஒன்றுக்கு நேர் மேலே இருப்பது. அடுத்த அறையின் கூரைவிளக்கு உங்களைவிட மேலே இருந்தாலும் உங்களுக்குக் காப்ரு ஆகாது.

ஷொன்டி, அதாவது ஆழம், கீழ்நோக்கித்தான் போக வேண்டும் என்பதில்லை. திசைக்கு ஓர் இடம், எங்கிருந்து அளக்கிறோம் என்பதற்கு ஓர் இடம் அதில் இருக்கின்றன. மலைக்குள் கிடைமட்டமாக நீளும் குகையும் ஷொன்டிதான்.

திசைச் சொற்களில் அதிகக் குழப்பம் தருவது ப்ரிட்டு. ‘இது அதற்கு வலப்புறம்’ என்பதோடு அது முடிவதில்லை. ‘அது’ எதைப் பார்த்து நிற்கிறது என்பதே மூன்றாம் இடம். மனிதர்களுக்கு முகம் இருப்பதால் ஊகித்துவிடலாம். மரத்துக்கோ தூணுக்கோ முன்பக்கம் ஏது? மூன்றாம் இடத்தை விட்டுவிட்டால் கேட்பவர் தன் வலத்தை நினைப்பார், நீங்கள் உங்கள் வலத்தை நினைப்பீர்கள். இடப்புறத்தைக் குறிக்கும் ஜுன்லெ, முன்னால் என்னும் ஷ்ரானெ ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

திசை என்னும் ஃபார்னாவில் வரிசையைக் கவனியுங்கள். முதல் இடத்தில் வருவது திசை. அத்திசையில் இருக்கும் பொருள் இரண்டாம் இடத்துக்குத்தான் போகும்.

வினையோடு சேரும் சிறுசொற்களிலும் ஒரு பொறி உண்டு. ‘லெ வெர்பா ரிஹு ஷாட்ஜு’ என்றால், குழந்தை எனக்கு வலப்புறத்தில் நடக்கிறது. வலப்பக்கமாக நகர்ந்து செல்கிறது என்று சொல்ல, வலப்புறம் என்னும் ரிஹுவுக்கு முன் நகர்வைக் காட்டும் மோஹி வேண்டும். தூரம் சொல்வதானால் திசைதான் முதலில் வரும்: ‘ஜுஹா வி’ என்றால் இடப்புறம் சிறிது தூரத்தில். ‘வி ஜுஹா’ என்று மாற்றினால் அது இரண்டு தனி நகர்வுகளாகிவிடும்: ஏதோ ஒரு திசையில் சிறிது தூரம், பிறகு இடப்புறம் எவ்வளவு தூரமோ.