வளைவுத் தையலில் ஊசி இறங்கும் முன்பே நடக்கும் தவறுகள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் எதிர்வீட்டு அக்கா முப்பது வருடமாக ரவிக்கை தைக்கிறவர். தீபாவளி நெருங்கினால் அவர் வீட்டு மெஷின் சத்தம் நடுராத்திரி வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவர் ஒரு நாள் இரண்டு துணித் துண்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். "என்னம்மா இது, அச்சு வச்சுத்தான் வெட்டினேன். ஒன்னு நீளமா நிக்குது, ஒன்னு குட்டையா நிக்குது. எங்க தப்பு?"

பேத்திக்கு குவில்ட், அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைக்க ஆரம்பித்திருக்கிறார். எடுத்துக்கொண்டது 'டிரங்கர்ட்ஸ் பாத்' என்ற பழைய வடிவம். குடிகாரன் நடந்த வழி என்று அர்த்தம். கட்டங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் கோடு தள்ளாடிக்கொண்டே போகும், அதனால் அந்தப் பெயர். ஒரு கட்டத்துக்கு இரண்டே துண்டுதான். ஒன்று கால்வட்டம், விரித்த விசிறி மாதிரி. இன்னொன்று அந்த விசிறி உட்காரும் குழிவோடு இருக்கும் மூலைத் துண்டு. இங்கே முதலாவதை விசிறித் துண்டு என்றும், இரண்டாவதைக் கைக்குழித் துண்டு என்றும் சொல்கிறேன். ரவிக்கையின் கைக்குழியும் இதுவும் ஒரே சாதி என்பதால்தான் இந்தப் பெயர். அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன்: "ஆயிரம் கை வச்சுத் தச்சிருப்பீங்க. இதுவும் அதேதான் அக்கா." நம்பாமல் பார்த்தார்.

அவர் வெட்டியதில் தப்பே இல்லை. முதல்முறை வளைவு தைக்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு, வெட்டிய விளிம்பும் வெட்டிய விளிம்பும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று நினைப்பது. ஒரே நீளம் இருக்க வேண்டியது தையல் ஓடும் கோடு. விளிம்பு அதிலிருந்து கால் இஞ்ச் தள்ளி இருக்கிறது. விசிறித் துண்டில் அந்தக் கால் இஞ்ச் வட்டத்துக்கு வெளியே போகிறது, அதனால் விளிம்பு நீள்கிறது. கைக்குழித் துண்டில் வட்டத்துக்கு உள்ளே வருகிறது, அதனால் விளிம்பு குறைகிறது. கால்வட்டம் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் இரண்டு விளிம்புக்கும் நடுவே வரும் வித்தியாசம் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர், அதாவது முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் மேல். இது தெரியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? நீளமாக இருப்பதைக் கத்தரித்துக் குறைக்கிறார்கள், இல்லையென்றால் குட்டையாக இருப்பதை இழுத்துப் பிடித்துத் தைக்கிறார்கள். இரண்டிலும் கட்டம் கெட்டுப்போகும்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வட்டம் பெரிதோ சிறிதோ, அந்த 20 மில்லிமீட்டர் மாறவே மாறாது. 5 இஞ்ச் ஆரம் உள்ள வளைவில் தையல் கோடு 7.85 இஞ்ச் நீளம். அவ்வளவு தூரத்துக்குள் வித்தியாசம் மெல்லக் கரைந்துவிடும். 2 இஞ்ச் ஆரம் என்றால் கோடு 3.14 இஞ்ச்தான். அதே முக்கால் இஞ்சை அந்தக் குட்டித் தூரத்துக்குள் அடக்க வேண்டும். 'பழகத்தானே போகிறோம், துணி வீணாகாமல் சின்னதாக ஆரம்பிப்போம்' என்று 3 இஞ்ச் கட்டத்தில் கை வைப்பது அதனால்தான் வீண் வேலை. சிக்கனம் பார்க்கப்போய் இருப்பதிலேயே கடினமானதை முதலில் எடுத்துக்கொள்கிறோம். போர்வையில் சேர்த்துத் தைத்தபின் 7 இஞ்ச் வருகிற கட்டம், 5 இஞ்ச் ஆரம், இது நல்ல தொடக்கம். கை பழகியபின் சின்னதுக்குப் போகலாம்.

அச்சு எடுக்கும்போது

நான் பட்ட அடி இது. குவில்ட் அச்சுகள், அதாவது துண்டு வெட்ட வரைந்த வடிவத் தாள்கள், பெரும்பாலும் அமெரிக்காவின் லெட்டர் தாளுக்கு வரைந்தவை. அந்தத் தாள் 8½ இஞ்ச் அகலம். இங்கே நாம் போடுவது ஏ4, அது 210 மில்லிமீட்டர், அதாவது கொஞ்சம் ஒடுக்கம். ஃபோட்டோஸ்டாட் கடையில் கொடுத்தால், தாளுக்குள் அடங்கட்டும் என்று மெஷின் தானாகவே கிட்டத்தட்ட நூற்றுக்கு மூன்று சுருக்கிவிடக்கூடும். நூறு விழுக்காட்டில் எடுங்கள் என்று நான் கடையில் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு துண்டும் ஒரே அளவில் சுருங்கியதால் ஒன்றோடொன்று பொருந்தத்தான் செய்தன. இருபது கட்டம் தைத்து முடித்த பிறகுதான் அளந்து பார்த்தேன். சுற்றிலும் தையலுக்கு விடும் கால் இஞ்சோடு சேர்த்து 7½ இஞ்ச் இருக்க வேண்டிய கட்டம் 7.3 இஞ்ச். பக்கத்தில் வைக்க வெட்டி வைத்திருந்த சதுரங்கள் எதுவும் சேரவில்லை. அச்சில் ஓர் ஓரமாக ஒரு இஞ்ச் சதுரம் போட்டிருப்பார்கள். வெட்டுவதற்கு முன் அதை ஸ்கேலால் அளந்து பாருங்கள், அரை நிமிடம் ஆகாது.

தாள் அச்சையே வைத்துச் சுற்றிச் சுற்றி வரைந்தால் பத்தாவது துண்டுக்குள் ஓரம் மழுங்கிவிடும். பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் ஒட்டி வெட்டிக்கொண்டால் போதும். உருளும் கத்தி வைத்திருப்பவர்கள் 45 மில்லிமீட்டர் பிளேடால் வளைவில் திரும்பச் சிரமப்படுவார்கள், 28 மில்லிமீட்டர் பிளேடு சுலபமாக வளையும். கத்தரிக்கோலே பழக்கம் என்றால் அதுவும் சரிதான். ஆனால் நாலைந்து மடிப்பு துணியை ஒன்றாக வெட்ட வேண்டாம். அடி மடிப்பு நழுவி வளைவு வேறாக வரும். அப்புறம், வெட்டும்போது காற்றாடியை அணைத்துவிடுங்கள்.

துணி

மஸ்ஜிட் இந்தியா பக்கம் போனால் பாத்தேக் (பாத்திக்) கைலிகளைப் பார்த்து மனம் மயங்கும். எனக்கும் மயங்கியது. ஆனால் பாத்தேக் என்று தொங்குவதெல்லாம் பருத்தி இல்லை, ரேயானும் நிறைய. ரேயான் கையில் தண்ணீர் மாதிரி வழியும். உடுத்த நன்றாக இருக்கும், ஆனால் வளைவு வெட்டினால் ஒரு வடிவத்தில் நிற்காது. கடைக்காரரைக் கேட்டு பருத்தியாக வாங்குங்கள். பழைய பட்டுச்சேலையையும் முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள், வழுக்கும். பருத்திக் கைலியைத் துவைத்துக் காயவைத்துவிட்டே வெட்ட வேண்டும். சாயம் இறங்குகிறதா, எவ்வளவு சுருங்குகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது கஞ்சி. கிராஸ் கட் ரவிக்கை தைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துணியை நூல் போகிற போக்கில் இழுத்தால் அசையாது, மூலைக்கு மூலை இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். வளைவின் இரண்டு முனையும் நேர் நூலில் இருந்தாலும் நடுப்பகுதி முழுக்க கிராஸில் விழுகிறது. எடுத்து வைக்கும்போதே அது நீண்டுவிடும். தைக்கிற நேரத்தில் கஞ்சியைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டிய பிறகு கஞ்சி போட்டுத் தேய்த்தால், தேய்க்கிற கையே வளைவை இழுத்துவிடும். முழுத்துணிக்கும் கஞ்சி போட்டு, காய்ந்து, தேய்த்து, அப்புறம்தான் அச்சை வைக்க வேண்டும். வீட்டு அரிசிக் கஞ்சியும் போடலாம், ஆனால் கெட்டியாகப் போட்டால் கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். நம் ஊர் ஈரக்காற்றில் கஞ்சித் துணி சில நாளில் தொய்ந்துவிடும், பூச்சியும் தேடி வரும். அன்றைக்குத் தைக்கப்போவதை மட்டும் வெட்டுங்கள். போர்வை முடிந்ததும் ஒருமுறை துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள்.

மெஷினில்

விசிறித் துண்டைப் பாதியாக மடித்து வளைவின் நடுவில் நகத்தால் ஒரு கோடு போடுங்கள். கைக்குழித் துண்டிலும் அப்படியே, ஆனால் மடிப்பை எதிர்ப்பக்கமாகப் போடுங்கள். இரண்டு மடிப்பும் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, நடுவில் ஒரு குண்டூசி, இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. முனைகளில் நேர் விளிம்பும் நேர் விளிம்பும் சரியாக ஒட்டி இருக்க வேண்டும். அங்கே ஒரு நூலிழை விலகினால்கூட கட்டம் கோணிக்கொள்ளும். பன்னிரண்டு, பதினைந்து குண்டூசி குத்துகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஒவ்வொரு ஊசியை எடுக்கும்போதும் துணி அசைகிறது என்பது என் அனுபவம். தொடங்குகிறவர்களுக்கு மூன்றும், வேண்டுமானால் இடையில் இரண்டும் போதும்.

கைக்குழித் துண்டு மேலே, விசிறி கீழே. மாற்றி வைப்பதுதான் அக்கா செய்த ஒரே உண்மையான பிழை. மேலே வைத்தால்தான் எங்கே மடிப்பு விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியும், விரலால் தள்ளிவிடலாம். கீழே இருக்கும் துணியை மெஷினின் பல் தானாகவே கொஞ்சம் அதிகம் இழுத்துக்கொள்ளும், விளிம்பு நீண்ட துண்டு அங்கே இருப்பது நமக்கு வசதி. தையல் நீளத்தை 2 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். நீளத் தையல் வளைவில் சின்னச் சின்ன மூலைகளாகத் தெரியும்.

முழு வளைவையும் ஒரே பார்வையில் சரிசெய்ய நினைக்காதீர்கள். ஊசிக்கு முன்னால் இருக்கும் ஒரு இஞ்சில் விளிம்பும் விளிம்பும் சேர்ந்திருந்தால் போதும். தைத்து, நிறுத்தி, ஊசி துணிக்குள் இருக்கும்போதே துணியை அழுத்தும் மெஷின் காலைத் தூக்கி, மேல்துணியைத் தளர்த்தி, மறுபடியும் இறக்குங்கள். இந்த இடத்தில் மிதிமெஷின்காரர்களுக்கு யோகம், சக்கரத்தில் கை வைத்தால் நினைத்த இடத்தில் நிற்கும். மேல்துணியை ஊசியைத் தாண்டிப் பின்பக்கமாக இழுக்க வேண்டாம். ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்கும்போது கைக்குழியை இழுக்காமல், கையைத்தான் அதற்குள் அடக்குவோம் இல்லையா? அதைச் சொன்னதும் அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "அட, இதைத்தானேம்மா நான் தினமும் செய்யறேன்" என்றார். ஒரு வித்தியாசத்தை மட்டும் எச்சரித்தேன். ரவிக்கையில் தையலுக்கு விடும் துணி தாராளம், அக்குளில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள். குவில்ட்டில் விடுவது கால் இஞ்ச்தான், வளைவோ நட்டநடுவில் இருக்கிறது.

அந்தக் கால் இஞ்சும் உண்மையிலேயே கால் இஞ்ச்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டிகளைச் சேர்த்துத் தைத்து நடுப்பட்டியை அளந்தால் சரியாக ஒரு இஞ்ச் வர வேண்டும்.

வெட்டுக் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. கைக்குழியில் அரை இஞ்சுக்கு ஒரு வெட்டு போடுவது ரவிக்கைப் பழக்கம். 5 இஞ்ச் ஆரத்துக்கு அது தேவையே இல்லை, பருத்தியே வளைந்து கொடுக்கும். சின்ன வட்டத்துக்கு வேண்டும் என்றால் 3 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். கால் இஞ்சே 6 மில்லிமீட்டர்தான், கை கொஞ்சம் நழுவினால் வெட்டு தையலுக்குள் போய் ஓட்டை விழும். அந்த ஓட்டை முதல் துவைப்பில்தான் முகம் காட்டும்.

இஸ்திரி போடும்போது பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள். வைத்து அழுத்தி எடுங்கள். நீராவி கடைசியில் போதும். பின்பக்கத் தையல் விளிம்பைக் கைக்குழித் துண்டின் பக்கம் சாய்ப்பது என் கட்சி. அந்தப் பக்கம் சாய்த்தால் குட்டை விளிம்பு கொஞ்சம் விரிய வேண்டும், கிராஸ் துணி விரியும். விசிறிப் பக்கம் சாய்த்தால் நீள விளிம்பு சுருங்க வேண்டும். அதற்கு இடம் இல்லாமல் உள்ளே மடிப்பு மடிப்பாகப் புடைத்து நிற்கும்.

சுருக்கம் விழுந்துவிட்டால் பிரிக்கலாம், ஆனால் நூலை ஒரேயடியாக உருவாதீர்கள். மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்து மெல்லப் பிரியுங்கள். இரண்டு தடவை பிரித்த துண்டை நான் திரும்பத் தைப்பதில்லை. அதற்குள் அது நீண்டுபோயிருக்கும், புதிதாக வெட்டுவதே லாபம்.

அக்காவுக்கு இரண்டாம் சுற்றில் ஒரு சலுகை கொடுத்தேன். கைக்குழித் துண்டின் வெளிப்பக்கங்களை அரை இஞ்ச் கூடுதலாக வெட்டச் சொன்னேன். தைத்து முடித்ததும் 7½ இஞ்சுக்குச் சீர் செய்யலாம். அதிலும் ஒரு கண்ணி உண்டு. நாலு பக்கமும் சமமாக வெட்டக் கூடாது, கைக்குழித் துண்டின் வெளி ஓரத்தில் மட்டுமே வெட்ட வேண்டும். விசிறியின் மூலையிலிருந்து தையல் தொடும் இடம் இரண்டு ஓரத்திலும் 5¼ இஞ்ச் இருக்கிறதா, தையலுக்கு அப்பால் 2¼ இஞ்ச் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தி. இல்லையென்றால் பக்கத்துக் கட்டத்தின் வளைவும் இதுவும் சந்திக்காது. அக்கா நாலு கட்டம் சீர் செய்து தரையில் சேர்த்து வைத்துப் பார்த்தார். மூன்று இடத்தில் வளைவுகள் சேர்ந்தன, நாலாவதில் ஒரு நூல் தள்ளி நின்றது. அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு தன் மெஷினுக்குத் திரும்பிப் போனார்.