குரோஷே பேட்டர்ன்: அமெரிக்க முறையா, பிரிட்டிஷ் முறையா?

குரோஷே என்ற கொக்கி ஊசிப் பின்னலுக்குப் புது பேட்டர்ன் (செய்முறைக் குறிப்பு) கிடைத்ததும் ஊசியை எடுக்காதீர்கள். முதலில் அதில் 'எஸ்சி' (sc, சிங்கிள் குரோஷே என்ற தையல்) என்ற சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் குரோஷே என்ற பெயரே கிடையாது. அமெரிக்க சிங்கிள்தான் அங்கே டபுள். அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். ஆக, ஒரே 'டிசி' (dc, டபுள் குரோஷே) இரண்டு வெவ்வேறு தையல்களைக் குறிக்கும். மாற்றிப் போட்டால் உயரமும் அளவும் எக்கச்சக்கமாக மாறிவிடும், நூலும் கணக்கு தப்பும்.

'எஸ்சி' கண்ணில் படவில்லையா? டிசி வரிசையின் தொடக்கத்தைப் பாருங்கள். 3 செயின் (சங்கிலித் தையல்) போடச் சொன்னால் பெரும்பாலும் அமெரிக்க முறை, 1 செயின் என்றால் பிரிட்டிஷ்.

ஜப்பானிய பேட்டர்ன் என்றால் மொழியை விட்டுவிட்டுக் குறியீட்டுப் படத்தைப் படியுங்கள். முட்டை வடிவம் செயின். பெருக்கல் அல்லது கூட்டல் குறி அமெரிக்க சிங்கிள். T வடிவத் தண்டின் நடுவே ஒரு குறுக்குக் கோடு இருந்தால் அமெரிக்க டபுள், இரண்டு இருந்தால் அமெரிக்க ட்ரெபிள். அத்தனை முறை ஊசியில் நூலைச் சுற்ற வேண்டும். நடுவே கோடே இல்லாத வெறும் T அமெரிக்க ஹாஃப் டபுள். கோடு இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு சுற்று உண்டு.

டுனீஷியன் குரோஷேவுக்கு (நீண்ட ஊசியில் கண்ணிகளை வரிசையாகச் சேர்த்துப் பின்னும் முறை) இந்தக் கணக்கு உதவாது, அதன் குறியீடுகள் தனி.